உள்ளே விளைந்த கல்

அத்தியாயம் ஒன்பது

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முதலில் முதுகெலும்புதான் தெரியும். மங்கலான ஆகாயத்தில் சாத்திவைத்த வெள்ளை ஏணி மாதிரி. அந்த ஏணியின் நடுவில் குறுக்காக, யாரோ ஒரு பிடி கல்லுப்பை அள்ளி வீசியது போல, சின்னதும் பெரியதுமாகப் புள்ளிகள்.

இப்படிப் படங்களை ஜெயசெல்வி ஏராளமாகப் பார்த்தவள்.  இந்தப் படத்தின் மூலையில் இருந்த பெயர்தான் அவளை ஜன்னலோரம் அப்படியே நிறுத்திவைத்தது.

கிறிஸ்டோபர், பாளையம்பட்டி. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இவர்களைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

ஜெயசெல்வி பரளச்சிக்காரி. அங்கே சபை உபதேசியாராக இருக்கும் சிலுவைமுத்துவின் மகள். சென்னையில் ஈரல், கணையம், பித்தக்குழாய் வியாதிகளை ஆராய்கிற டாக்டர். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தின்ற சோற்றைச் செரிக்கவைக்கும் நீரைச் சுரந்து கொடுக்கிற உறுப்பு. குடித்துக் குடித்து அதைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் சாராய வாசனையே அறியாத ஏழைபாழைகளுக்கும் நம் பக்கத்தில் அதற்குள் கல் விளைகிறதே, அது ஏன்? தாவணி கூடப் போடாத ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வயிற்றில் முதன்முதலாக அந்தக் கல்லைப் பார்த்த நாளிலிருந்து ஜெயசெல்வி இந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுகிறாள். அதைத் தூக்கிக்கொண்டுதான், தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஜனவரியில், சொந்தச் சீமைக்கே முகாம் போட வந்திருக்கிறாள்.

அண்ணன் கதை வேறு. கல்யாணமான புதிதில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, பார்த்த டாக்டர், "இது குடிகாரங்களுக்கு வர்ற வியாதி" என்று சொல்லிவிட்டார். குடிக்கு எதிராக ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியாரின் மகனைப் பற்றி, அந்த உபதேசியாரிடமே சொல்லிவிட்டார். அவரும் அதை நம்பிவிட்டார். அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கியவன்தான், திரும்பவில்லை. பாளையம்பட்டியில் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறான். முகாமை நடத்துவது தங்கச்சி என்று சொல்லாமலே, அவன் மனைவி ஸ்டெல்லா அவனைக் கூட்டிவந்து படம் எடுத்துவிட்டுப் போனாள் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"தெரிஞ்சவுகளா டாக்டரம்மா?" என்று கேட்டார் எக்ஸ்ரே எடுக்கும் வெள்ளத்துரை.

"எங்க அண்ணன்."

"அடடா." அவர் கொஞ்சம் தயங்கினார். "அவுக குடிப்பாகளோ?"

கள்ளமில்லாத கேள்விதான். உலகமே கேட்கிற கேள்வி. ஜெயசெல்வி படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

* * *

வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஊரைத் தாண்டியதும் டவுன் பஸ்ஸின் ஜன்னலில் கொத்தமல்லிக்காடு வந்தது. கரிசல் மண்ணே கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. அதன் மேல் மெல்லிய புகை போல ஒரு மூட்டம். அந்த வாசனையில் அவளுக்குக் கண் சொருகியது. பரீட்சைக்குப் படித்த காலத்தில் மனித உடம்பின் உட்பகுதியை அவள் இந்தச் சீமையாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வாள். ஈரல் ஒரு பெரிய கண்மாய். அதிலிருந்து பித்தக்குழாய் வாய்க்காலாக இறங்கும். கணையத்துக்குள் ஓடுவது ஓடை. ஓடையும் வாய்க்காலும் ஒரே மடையில் வந்து சேரும். பாதித் தூக்கத்தில் அந்த ஓடையில் இப்போது யாரோ நடந்து வந்தார்கள். காலடியில் கல் சரசரத்தது. முகம் தெரியுமுன் கண்டக்டர் விசிலடித்தார்.

பாளையம்பட்டியில் இறங்கினாள்.

கடை முழுக்கச் செம்புக் கம்பியும் வார்னிஷ் நெடியும். பிரித்துப்போட்ட மோட்டார்களுக்கு நடுவில் கிறிஸ்டோபர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தான். இந்த வலிக்காரர்கள் எல்லோரும் உட்காருவது இப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் இருப்பு அது.

அவன் தலையைத் தூக்கினான். சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தான். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"வா செல்வி. டாக்டரா வந்தியா, தங்கச்சியா வந்தியா?"

"ரெண்டும்தாண்ணே."

"அப்ப ரெண்டு காப்பி போடச் சொல்லணும். ஏ ஸ்டெல்லா, யாரு வந்திருக்கான்னு பாரு!"

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. "என்ன சொல்லுது படம்?" என்றாள் நேராக.

"சொல்றேன் மதினி. அதுக்கு முந்தி அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். முகாமுக்கு வாரவுக எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்."

"கேளு" என்றான் கிறிஸ்டோபர்.

 ஜெயசெல்வி எத்தனையோ பேரிடம் சாதாரணமாகக் கேட்டதுதான். இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"குடிப்பீகளாண்ணே?"

 ஸ்டெல்லா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

"ஒரு தடவ குடிச்சிருக்கேன்" என்றான் கிறிஸ்டோபர். "கோயில்ல, திடப்படுத்தல் முடிஞ்சு மொதத் திருவிருந்துல. திராட்சரசம் ஒரு மொடக்கு. அப்பாதான் பக்கத்துல நின்னாக. அதையும் கணக்குல சேத்துக்க."

ஜெயசெல்வி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்து, எதிரே இருந்த மோட்டார்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"அண்ணே, இது குடியால வந்த வியாதியே இல்ல. உங்க கணையத்துக்குள்ள கல்லு இருக்கு. சின்ன வயசுலயே விளைய ஆரம்பிச்சிருக்கும். குடிக்காத சனங்களுக்கு வர்றதுதான் இது. அன்னைக்கு அந்த டாக்டர் சொன்னது தப்பு."

அவன் துள்ளிக் குதிப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் ஏதாவது ஒரு மாற்றம் அந்த முகத்தில் வரும் என்று நினைத்திருந்தாள்.

"நான் குடிக்கலங்கிறது எனக்குத் தெரியாதா செல்வி?" என்றான் அவன். "எனக்குத் தெரிஞ்சதையே எனக்குச் சொல்ல இம்புட்டுப் படிச்சிருக்க. இதக் கேக்க வேண்டிய ஆளு பரளச்சில இருக்காக."

 "படுங்க, பாக்கணும்" என்று பாயைக் காட்டினாள்.

கண்ணிமையைக் கீழே இழுத்ததும் மஞ்சள் தெரிந்தது. லேசான மஞ்சள் இல்லை, நல்ல மஞ்சள். கையெல்லாம் சொறிந்த தழும்பு.

"அரிக்குதா?"

"உடம்பெல்லாம். இந்த ஒரு மாசமா."

"எடை எறங்கிருச்சு" என்றாள் ஸ்டெல்லா. "வலி முன்ன மாதிரி இல்ல, கொறஞ்சிருக்குன்னுதான் சொல்றாக. ஆனா ஆளு கரைஞ்சுக்கிட்டே போறாக."

ஜெயசெல்வி வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினாள். வழுவழுவென்று உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. பித்தம் வெளியேற வழியில்லாமல் ஊதிப்போன பித்தப்பை.

"வலிக்குதா?"

"இல்லயே."

வலிக்கிறது என்று அவன் சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பாள்.

கல்லும் அதைச் சுற்றி ஏறும் தழும்பும் பித்தக்குழாயை நெரித்தால் மஞ்சள் காமாலை வரும். ஆபரேஷன் பண்ணி வழி திறந்துவிடலாம். ஆனால் அவளுடைய ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் கொஞ்ச காலமாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கல்லோடு வருஷக்கணக்காக வாழ்ந்தவர்களில் சிலருக்கு, அதே இடத்தில் புற்று வைத்துவிடுகிறது. அவர்களுக்கு முதலில் கண்தான் மஞ்சளாகும். பித்தப்பை வலியில்லாமல் வீங்கும். எடை இறங்கும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது பெரிய டாக்டர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்தக் கை இப்போது அண்ணன் வயிற்றின் மேல் இருந்தது. எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"மதுரையில ஒரு ஸ்கேன் பாக்கணும்ணே. பெறகு மெட்ராஸ்ல ஆபரேஷன். நான் கூடவே இருப்பேன்."

"சரி." அவன் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டான். "காப்பி ஆறுது பாரு. ரெண்டையும் குடி."

* * *

பரளச்சிக் கோயிலில் அன்றைக்கு அசனம். சபையார் எல்லோரும் சேர்ந்து ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். வேப்பமரத்தடியில் பெரிய பெரிய அண்டாக்கள் கொதித்தன. ஆட்டுக்கறிக் குழம்பு வாசனையும் விறகுப் புகையும் கோபுரத்துச் சிலுவை வரைக்கும் ஏறியிருந்தன. வெள்ளை ஜிப்பாவில் சிலுவைமுத்து அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியும் வளையாத முதுகு.

"சோறு வெந்துருச்சா பூமிநாதன்? பாதிரி ஐயரு வந்து ஜெபம் பண்ணுற வரைக்கும் ஒரு ஆளு அகப்பையத் தொடக் கூடாது."

"தெரியும் உபதேசியாரே. வருசாவருசம் சொல்றதுதான" என்றார் சமையல்காரர்.

"அப்பா, கொஞ்சம் வாங்க" என்று ஜெயசெல்வி அவரைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே வேலிக்கு அப்பால் மல்லிக்காடு. சனங்களின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. காற்றில் பூக்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. உச்சி வெயிலில் நிலமே மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது.

அவள் படத்தை எடுத்து ஆகாயத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"என்ன தாயி இது?"

"வயித்தோட படம்ப்பா. இது முதுகெலும்பு. குறுக்கே கெடக்குற இந்தப் புள்ளியெல்லாம் கல்லு. கணையத்துக்குள்ள விளைஞ்ச கல்லு."

சிலுவைமுத்து கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு பார்த்தார். "பாவம், யாரு?"

"அண்ணன்."

வேலியில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து, போய்விட்டது. கிழவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் தன் மகனைப் பார்க்கிறார். முகம் இல்லை, குரல் இல்லை. எலும்பும், அதற்குப் பின்னால் ஆகாயமும்.

"மெலிஞ்சிருக்கானா?" என்றார்.

"ரொம்ப."

"ம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கே டாக்டர் சொன்னாரு. குடி அவன விடாதுன்னு சொன்னாரு."

"அப்பா." ஜெயசெல்வி படத்தை இறக்கினாள். "நான் பாத்த மொதப் பிள்ளைக்குப் பன்னெண்டு வயசு. ரெட்டச் சடை போட்டிருந்துச்சு. அதோட வயித்துலயும் இதே கல்லு, இதே எடத்துல. அந்தப் பிள்ளை எங்கிட்டுப் போயிக் குடிச்சிருக்கும்?"

அவர் மல்லிக்காட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"எதனால வருதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. சாப்பாடா, பிறவியா, ரெண்டும் சேந்தா, அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். குடியாலதான் வரணும்னு இல்லங்கிறது மட்டும் எனக்குத் தெரியும். அண்ணன் குடிக்கல. நம்ம வீட்ட விட்டுப் போன அன்னைக்கும் குடிக்கல."

கோயில் மணி அடித்தது. ஐயரின் கார் வந்துவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகள் இலைக்கு ஓடும் சத்தம் கேட்டது. சிலுவைமுத்து திரும்பி நடந்தார். நேராக அண்டாக்களுக்குப் போனார். இரண்டு தட்டுத் தூக்குவாளி ஒன்றை எடுத்தார். பூமிநாதனின் கையிலிருந்த அகப்பையை வாங்கினார்.

"உபதேசியாரே, இன்னும் ஜெபம் பண்ணல..."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடித்தட்டில் சோற்றை அள்ளி வைத்தார். மேல்தட்டில் குழம்பை ஊற்றினார். கறித்துண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.  வாளியை மூடிக் கையில் மாட்டிக்கொண்டு, ஐயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெயிலில் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

ஜெயசெல்வி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினாள்.

* * *

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாலத்தடியில் தண்ணீரில்லாத ஓடைகள் வந்து வந்து போயின. வாளி அவர் மடியில் இருந்தது.

மகனின் கடை வாசலுக்கு வந்ததும் சிலுவைமுத்துவின் கால் நின்றுவிட்டது. ஒரு படிதான். அதில் ஏறாமல் வாளியோடு நின்றார்.

உள்ளே கிறிஸ்டோபர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். சுற்றிய கை நின்றது.

ஸ்டெல்லாதான் முன்னால் வந்தாள்.

"வாங்க மாமா" என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அசனச் சோறு" என்றார் அவர். "அவனுக்குப் பிடிக்கும்."

"கொழுப்பு ஆகாது அவுகளுக்கு" என்றாள் ஸ்டெல்லா. "கறியத் தொட்டு வருசக்கணக்காச்சு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் வந்ததே இல்லயே."

"மதினி..." என்றாள் ஜெயசெல்வி.

"இரு செல்வி, நான் கேட்டுருறேன். மாமா, அன்னைக்கு ஒரு டாக்டர் சொன்னாருன்னு நம்புனீக. இன்னைக்கு உங்க மக, அவளும் டாக்டரு, சொன்னான்னு நம்பி வந்திருக்கீக. இவுக சொன்னாகளே, உங்க வாசல்ல நின்னு, குடிக்கலப்பா குடிக்கலப்பான்னு. அத எப்ப நம்புவீக?"

தெருவில் போன சைக்கிள்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.  ஆயிரம் பிரசங்கம் பண்ணின சிலுவைமுத்து வாளியை அவள் பக்கமாக நீட்டினார்.  

கிறிஸ்டோபர் எழுந்து வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தான். அப்பாவின் கையிலிருந்து வாளியை வாங்கினான். மூடியைத் திறந்தான். குழம்பின் வாசனை மேலே எழும்பி இருவர் முகத்திலும் பட்டது. கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டான்.

"நல்லாருக்குப்பா" என்றான்.

மேல்தட்டைத் தூக்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்தான். அடித்தட்டிலிருந்து வெள்ளைச் சோற்றை ஒரு வாய் எடுத்துத் தின்றான். நின்றபடியே தின்றான். பிறகு இன்னொரு வாய். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. உட்காருங்க என்றும் சொல்லவில்லை. பசித்தவன் மாதிரி தின்றான், அவ்வளவுதான்.

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, படிக்கு வெளியே போட்டாள்.

அதிலேயே உட்கார்ந்தார் சிலுவைமுத்து.

* * *

பொழுது சாயும்போது பரளச்சி பஸ்ஸுக்கு இருவரும் நடந்தார்கள். மேற்கே ஆகாயம் செம்மண் கரைத்த தண்ணீராகக் கிடந்தது. ஆலைச் சங்கு எங்கோ கனவில் போல ஊதி ஓய்ந்தது.

"செல்வி" என்றார் அப்பா. "கல்லு சரி. அது கல்லுன்னு பாத்துட்டேன். அவன் கண்ணுல மஞ்சள் ஏறியிருக்கே. அதுவும் கல்லாலதானா?"

அவள் நடையைத் தளர்த்தாமல் சொன்னாள். "கல்லு நெரிச்சும் இருக்கலாம்ப்பா."

"இருக்கலாம்னா?"

"வேறயாவும் இருக்கலாம். மதுரையில ஸ்கேன் பாத்தாக் கொஞ்சம் தெரியும். மீதி வயித்தத் திறந்தாத்தான் தெரியும்."

வேற என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. சாவு வீடுகளில் எத்தனையோ ஜெபம் பண்ணியவர். மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

"அண்ணனுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"மதுரைக்கு என்னைக்குப் போகணும்?"

"வெள்ளிக்கெழம."

பஸ் வந்து நின்றது. புழுதி அடங்கியது. ஜெயசெல்வி ஏறிக்கொண்டு, அப்பாவுக்குக் கை நீட்டினாள். அவர் பிடிக்கவில்லை.

"நீ போ தாயி. நாளைக்கு வரும்போது என் பைபிளையும் மாத்து வேட்டி ரெண்டையும் கொண்டாந்துரு."

"அப்பா, மதினி என்ன சொல்லுமோ..."

"சொல்லட்டும். சொல்றதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். வெள்ளிக்கெழம வரைக்கும் எனக்கு வேற என்ன வேல?"

பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடியில் அவள் பார்த்தாள். மங்கும் வெளிச்சத்தில் வெள்ளை ஜிப்பா ஒன்று கடைத்தெரு வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கடைக்குள் விளக்கு எரிந்தது. நாற்காலி இன்னும் படிக்கு வெளியேதான் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினார்.

பஸ் வளைவில் திரும்பியது. அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.